கோண்டாவிலிலிருந்து ஒரு நன்றி மடல்

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. மற்றவர்கள் கோபிக்க மாட்டார்கள். அவர்களிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரே அவர்தான்.

மகள் பிறந்து இரண்டாவது வாரம், குழந்தையைப் பார்க்க வந்தவர் தொப்புளைப் பார்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, இரத்தப்போக்கு எப்படி என்று கேட்டார். மங்கிப்போயிருந்தது அன்று காலை மறுபடி செக்கச்செவேலென்று பெருகியதைச் சொன்னேன். "பெற்ற உடம்பு, அழுக்கு இரத்தம் போகத்தானே வேண்டும்" என்றார் சித்தி. உத்தியோகத்தர் வாதாடவில்லை. "பாவித்த நாப்கினைக் காட்டுங்கள் தங்கச்சி" என்றார். கடதாசியில் சுற்றி வாளிக்குள் போட்டிருந்ததை, முகம் சுளிக்காமல் தானே விரித்துப் பார்த்தார். ஓரம்வரை ஊறியிருந்தது, நடுவில் பெரிய கட்டி. ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்தது என்றதும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டார்.

அம்புலன்ஸ் வரும்வரை சித்திக்கும் சேர்த்தே விளக்கினார். பேற்றுக்குப் பின் வரும் போக்கு, நாள் செல்லச் செல்லச் சிவப்பு மங்கி, மண்ணிறமாகி, வெளிறி, ஆறு வாரமளவில் நின்றுவிட வேண்டும். மங்கியது மீண்டும் சிவந்து பெருகினால், கட்டி கட்டியாகப் போனால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் 24 மணித்தியாலம் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாதாம். 12 வாரம் வரை இப்படி இரத்தம் பெருகலாம். கர்ப்ப காலம் முழுக்க வயிற்றைத் தடவிப் பார்த்த உறவுகள், பிள்ளை பிறந்ததும் தாயை மறந்து தொட்டிலைச் சூழ்ந்துகொள்ளும் ஊர் இது. அவர் என்னையும் பார்த்தார்.

சேலைன் ஏற்றியபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த அம்புலன்ஸ் உதவியாளருக்கும், ஒழுங்கைக்குள் பதறாமல் வண்டியைத் திருப்பிய சாரதிக்கும் நன்றி. ஸ்கானில் நஞ்சுக்கொடித் துண்டொன்று கருப்பையில் தங்கியிருப்பதைக் கண்டு, அன்றிரவே அகற்றிய வைத்தியர்களுக்கும் விடுதித் தாதியருக்கும் நன்றி. பால் கொடுத்தால் கருப்பை சுருங்கும் என்று, எழும்ப முடியாமல் கிடந்த என் மார்போடு மகளை அணைத்துப் பிடித்திருந்த தாதியை மறக்க மாட்டேன்.

எனக்கு ஏற்றிய குருதி யாருடையது என்று தெரியாது. ஏதோவொரு முகாமில் கையை நீட்டிப் படுத்திருந்தவர்களே, உங்களுக்கும்தான் இந்த மடல்.

மிளகும் உள்ளியும் அரைத்துப் பத்தியக் கறி வைத்துத் தரும் மாமி, இரும்புச்சத்து மாத்திரையோடு தேநீர் கூடாது என்று தாதி சொன்ன நாளிலிருந்து தேசிக்காய்த் தண்ணீரோடு நிற்கிறார். தேநீர் கேட்டால் முறைக்கிறார். நன்றி மாமி, ஆனால் பின்னேரத்துக்காவது ஒரு கோப்பை தாருங்கள்.