மூக்குக்கு மாத்திரை சொன்னீர்கள், புகைக்கு என்ன செய்தீர்கள்?

காற்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் நான்கு நாள் விடாமல் காற்று மோசமாக இருந்தபோது நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். ஜன்னலைச் சாத்தி வையுங்கள், வெளியே போவதைக் குறையுங்கள், செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், அது மூக்கின் செல்களை மாசிலிருந்து காக்கும் என்று எழுதியிருந்தீர்கள். புகை எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த இல்லாத வரிதான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் உப்புநீர் விட்டு அவள் மூக்கைக் கழுவிவிடுகிறேன். தொட்டிமேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பாள். முதலில் சாம்பல் நிறத்தில் சளி வரும். அதற்குள் கரிப்பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்பு இழை இருக்கும். மோசமான நாட்களில் கடைசியில் இரண்டு சொட்டு ரத்தமும் வரும். போன வாரம் மூன்றாம் நாள், கண்ணில் நீர் வழிய, "கரி எல்லாம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். அரை மணி நேரம் கழித்து, டீசல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அதே சாலையோரமாக அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வேறு வழி இல்லை.

மூக்குக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உள்தோலை மூடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் யூரிக் அமிலம், வைட்டமின் சி, குளூட்டாதயோன் என்று உடம்பே வைத்திருக்கும் ஆன்டிஆக்சிடன்ட்கள் இருக்கின்றன. ஓசோனும் புகைத்துகளும் வந்து மோதினால் முதலில் அவைதான் செலவாகின்றன. அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாதபோது பாதிப்பு செல்கள்மேல் விழுகிறது. சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் உதிர்கின்றன, செல்லின் டிஎன்ஏவே சிதைகிறது. மெக்சிகோ நகரத்துக் குழந்தைகளின் மூக்குச் செல்களில் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் கலிஃபோர்னியாவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 29 பேரின் மூக்கில் டீசல் புகைத்துகளைச் செலுத்திப் பார்த்தார்கள். பிறகு நான்கு நாள் ப்ரோக்கோலி முளைச்சாறு கொடுத்துவிட்டு மறுபடி அதே துகளைச் செலுத்தினார்கள். அழற்சியால் மூக்கில் வந்து குவியும் வெள்ளை அணுக்கள் 54 சதவீதம் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது 29 பேர், நான்கு நாள், அளந்து செலுத்திய துகள். என் மகள் வருடம் முழுக்க, யாரும் அளந்து கொடுக்காத புகையைச் சுவாசிக்கிறாள்.

மாத்திரை என்றாலே தீங்கில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். புகைபிடிப்பவர்களைக் காக்கும் என்று நம்பி ஃபின்லாந்தில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதை எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கும் குறையவில்லை. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏவும் கொடுத்த இன்னொரு சோதனையை 1996இல் அதே காரணத்தால் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. எந்த மாத்திரை, எவ்வளவு, யாருக்கு என்று சொல்லாமல் பொத்தாம் பொதுவாக "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே அறிவித்துவிட்டது. பிஎம் 2.5 என்னும் மிக நுண்ணிய துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே நிறுவனம் 2021இல் சொன்னது. இவையெல்லாம் உங்கள் மேசையில் இருக்கும் தாள்கள். மூக்கைக் காக்கும் வேலையை எங்களிடம் தள்ளிவிடாதீர்கள். புகையை நிறுத்துங்கள்.

எதற்கெடுத்தாலும் இதுதான் நடக்கிறது. குடிநீர் கெட்டால் கொதிக்க வைத்துக் குடியுங்கள், சத்தம் தாங்கவில்லையென்றால் காதை மூடிக்கொள்ளுங்கள், காற்று கெட்டால் முகக்கவசம் போடுங்கள், சுத்திகரிப்புக் கருவி வாங்குங்கள். கெடுத்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது, மூச்சு விடுகிறவனுக்குத்தான் அத்தனை புத்திமதியும். கருவி வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? நாள் முழுக்கச் சாலையில் நின்று வேலை பார்ப்பவர் எந்த ஜன்னலைச் சாத்துவார்?

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன். காற்று வரம்பு மீறும் நாட்களில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தச் சாலைகளில் டீசல் கனரக வண்டிகளை நிறுத்துங்கள். பள்ளி வாசலில், குழந்தையின் மூக்கு இருக்கும் உயரத்தில் காற்றை அளந்து, அந்த எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். அறிவிப்பில் மாத்திரை பற்றிய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகையைக் குறைக்க அன்று நீங்கள் செய்ததை எழுதுங்கள்.

திரும்பவும் கேட்கிறேன், தயவுசெய்து புகையை நிறுத்துங்கள். நாளைக் காலையும் அவள் அந்தத் தொட்டிமேல் குனிந்து நிற்பாள்.

இப்படிக்கு,
ஒன்பது வயதுப் பெண்ணின் அம்மா