இரட்டையர் ஆட்டத்துக்கு நாலே வரியா?

ஐயா,

நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் பெண்கள் டென்னிஸ் போட்டி (2022) முடிந்த மறுநாள் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். ஒற்றையரில் வென்ற லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்குப் பெரிய படம். சரி, பதினேழு வயசுப் பெண், போடத்தான் வேண்டும். ஆனால் பெண்கள் இரட்டையர் இறுதிக்கு நாலே வரி!

வென்றவர்கள் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும். 6-1, 6-2 என்று பிளிங்கோவா, ஜலாமிட்சே ஜோடியைச் சுருட்டிவிட்டார்கள். ஸ்டெஃபானி யார்? 2021 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து, சக்கர நாற்காலியில் வெளியேறியவர். அப்போதும் ஜோடி டப்ரோவ்ஸ்கிதான். ஓராண்டு கழித்து அவர் மறுபடி ஆட வந்த முதல் போட்டியே நம்ம ஊரில்!

முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தவள் நான். இரட்டையரில் நான் பந்தைப் பார்ப்பதில்லை. வலைக்கு அருகில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் தன் ஜோடிக்கு விரல்களால் காட்டும் சைகையைத்தான் பார்ப்பேன். இந்த மாதிரிப் போட்டிகளில் 40-40 என்று சமமாகிவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும், மூச்சுவிட நேரமில்லை. இதையெல்லாம் யார் எழுதுவது?

அடுத்த முறை அந்த ஜோடியின் படத்தையும் போடுங்கள், சின்னதாகவாவது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அயனாவரம், சென்னை