பாப்பாவுக்கு, லெஸ்டரிலிருந்து அக்கா

லெஸ்டர், இங்கிலாந்து
23.11.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் இங்கே சுகம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மழையில் மாடிப்படி வழுக்கும், தனியாக இறங்க விடாதே.

வியாழக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். உனக்கு அப்போது ராத்திரி பதினொரு மணி. எனக்கு மாலை ஐந்தரை, பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், வெளியே கும்மிருட்டு. "அக்கா, என்னால முடியல. லெட்டர் எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று நீ சொன்னாய். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் உன் குரலுக்குப் பின்னால் இருந்த சத்தம் காதில் விழுந்தது. சரக், சரக் என்று பேனா டிக் போடும் சத்தம், நடுவில் பக்கம் திருப்பும் சத்தம். அழுதுகொண்டே நோட்டுத் திருத்தியிருக்கிறாய் பாப்பா. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், நாற்பத்தெட்டு நோட்டு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், அரையாண்டுக்குள் முடிக்க வேண்டிய பாடம். இதையெல்லாம் நீ சமாளித்துவிடுவாய், எனக்குத் தெரியும். தலைமை ஆசிரியை பிள்ளைகள் முன்னால் உன்னைக் கடிந்துகொண்டதும், அடுத்த பீரியடில் அந்தப் பையன் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததும்தான் உன்னை உடைத்திருக்கிறது. வேலையை விடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. எனக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2023 பிப்ரவரியில் இந்திய ஆசிரியர்களும் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும், கணக்கு டீச்சர் என்ற தைரியத்தில் கிளம்பி வந்தேன். வந்த புதிதில் உனக்கு என்னென்ன எழுதினேன்! வகுப்புக்கு முப்பது பேர்தான், வாரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் பாடம் தயாரிக்கவும் திருத்தவும் சட்டப்படியே ஒதுக்கியிருக்கிறார்கள், வருஷத்துக்கு 195 நாள், 1,265 மணி நேரம் என்று வேலை அளந்து வைத்திருக்கிறது என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மணிக்கணக்குக்கு வெளியே எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதை எழுதவில்லை. இங்கேயும் ஆசிரியர்கள் சோர்ந்துபோய் வேலையை விடுகிறார்கள். நான் அழுததையும் எழுதவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

முதல் வருஷம் நவம்பர் மாதம். ஒன்பதாம் ஆண்டு வகுப்பு, நம் கணக்குக்கு எட்டாம் வகுப்பு. பின்வரிசையில் ஒரு பையன். நான் 'ஸ்கொயர் ரூட்' என்று சொன்னால், நான் உருட்டுகிற மாதிரியே 'ர'வை உருட்டித் திருப்பிச் சொல்வான். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "மிஸ், நீங்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை" என்றாள். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சென்னையில் பதினோரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பேசவே தெரியாதா என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு மதியம் நோட்டுகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் வகுப்பில் உதவிக்கு இருக்கும் வயதான அம்மா ஒருவர் கதவைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பை டீயும் என் பக்கத்தில் அலமாரிமேல் வைத்தார். "காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை, முதலில் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெண்ணெய் உருகி ரொட்டியில் பாதி இறங்கியிருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அப்போதுதான் எனக்கு வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் ஞாபகம் வந்தது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றாரே, அந்த எலியா. ஓய்வுநாள் பள்ளியில் நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! ஆனால் அதில் ஆண்டவர் செய்ததைக் கவனித்துப் பார். விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. உபதேசமும் செய்யவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தவரை, மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது அதற்குப் பிறகுதான். மலைக்குப் போய் ஆண்டவருடைய அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டது அதற்கும் பல நாள் கழித்து.

களைத்துப் போன டீச்சரைப் பார்த்து, "உங்களுக்கு ஜெபம் போதாது சிஸ்டர்" என்று சொல்பவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். உன்னிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று உன் பேச்சிலேயே தெரிந்தது. அது தப்பு பாப்பா. பசியும் தூக்கமின்மையும் விசுவாசக் குறைவு இல்லை. நீ இப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் தூங்குவது. அதை ஆண்டவர் குறைவாக நினைக்க மாட்டார்.

அப்புறம், அந்த வருஷ முடிவில் நடந்தது உனக்கே தெரியும். இங்கே வருஷ முடிவு ஆராதனையில், புது வருஷத்துக்கென்று வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நாங்கள் போகும் ஆலயத்தில் இல்லை. அம்மாதான் அங்கே எனக்கும் சேர்த்து ஒரு அட்டை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். ஏசாயா 50:4. "இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தை சொல்ல நான் அறியும்படிக்கு, கர்த்தராகிய ஆண்டவர் எனக்குக் கல்விமானின் நாவைத் தந்தருளினார்." டீச்சருக்கு ஏற்ற வசனம் என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நல்ல நாவு கிடைக்கும், இனி என் இங்கிலீஷைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றே நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். எட்டு மணிக்கு மேல்தான் விடியும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிற குளிர். அந்த வசனத்தை முழுவதும் படிக்கலாம் என்று போனில் எடுத்தேன். பின்பாதியை நான் அதுவரை ஒழுங்காகப் படித்ததே இல்லை. "காலைதோறும் என்னை எழுப்புகிறார், கற்றுக்கொள்ளுகிறவர்களைப்போல, நான் கேட்கும்படி என் செவியைக் கவனிக்கச்செய்கிறார்."

நாவு கேட்டேன், அவர் செவியைப் பற்றிப் பேசுகிறார். பேசித் தேய்ந்தவளிடம், முதலில் உட்கார்ந்து கேள் என்கிறார். நாம் காலை முதல் சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலும் அதேதான். கற்றுக்கொள்கிறவளாக ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். அம்மா காலையில் நாலரை மணிக்கு அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வேதம் வாசிப்பாளே, காபித்தூள் வாசனையோடு அந்த முணுமுணுப்பு நம் தூக்கத்துக்குள் வருமே! வேப்பேரியில் ட்ரெயினிங் முடித்து முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்றவள். அவளுக்கு எங்கிருந்து பொறுமை வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன்பிறகு எனக்குள் ஒரு சின்ன மாற்றம். அந்தப் பையனை ஒருநாள் வகுப்பு முடிந்து நிற்கச் சொன்னேன். திட்டுவேன் என்று தாடையை இறுக்கிக்கொண்டு நின்றான். பலகையில் 7 × 8 என்று எழுதினேன். "இதை நீ எப்படிப் போடுவாய்? எனக்குச் சொல்லு, நான் கேட்கிறேன்" என்றேன். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு மேசைக்கு அடியில் விரலை மடக்கி எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்று கூட்ட ஆரம்பித்தான். நாற்பதுக்கு மேல் தடுமாறினான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை. தெரியாதது வெளியே வராமல் இருக்கத்தான் என்னைக் கிண்டல் பண்ணிக் காலத்தை ஓட்டியிருக்கிறான். நாங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். அவன் இன்றைக்கும் சாதுவான பையன் இல்லை. ஆனால் ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவான்.

உனக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு பழைய கட்டடம், நெற்றியில் 'நேஷனல் ஸ்கூல்' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. இங்கிலாந்து முழுக்க இப்படி இருக்கின்றன. 1811இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்காரர்கள் தொடங்கிய சங்கத்தின் பள்ளிகள். அவற்றில் பாடம் நடத்திய முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் முறை! நம் எழும்பூரில் இருந்து வந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1789இல் எழும்பூரில் ராணுவக்காரர்களின் பையன்களுக்கான அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னால் அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் நடக்காது என்று விட்டார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்தச் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். நம் சட்டாம்பிள்ளை வழக்கம்தான், படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. 1797இல் அதைப் பற்றிப் பெல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

அந்த முறையில் குறைகளும் இருந்தன, ஆசிரியரைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தவும் அதைப் பயன்படுத்தினார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அவர் திண்ணையைப் பார்த்து நின்ற அந்த நிமிஷம். பள்ளிக்கே பொறுப்பாளர், மணலில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். என் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சம் வரும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

நம் வேலை வகுப்பில் பிரசங்கம் பண்ணுவது இல்லை பாப்பா. உன் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள் பெற்றோர் நம்மை நம்பி அனுப்புகிறார்கள். பின்னத்தைப் புரியும்படி சொல்லிக்கொடுப்பதும், தப்பாகப் போட்டவனை அவமானப்படுத்தாமல் இருப்பதும்தான் நம் ஆராதனை. ஜெபத்தை 29சி பஸ்ஸிலேயே முடித்துவிடலாம். நான் செய்வதைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைப் பிரித்து, தினம் கொஞ்சம் பேருக்காக ஜெபிக்கிறேன். உனக்கு நாற்பத்தெட்டுப் பேர். நாளுக்கு எட்டுப் பேர் என்றால் திங்கள் முதல் சனிவரை சரியாக வரும். ஒரு பிள்ளையின் பெயரைக் காலையில் ஆண்டவரிடம் சொன்ன பிறகு, அன்றைக்கு அவன்மேல் எரிந்து விழுவது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது. தலைமை ஆசிரியைக்காகவும் ஒருநாள் ஜெபித்துப் பார். அவர்களுக்கும் மேலிருந்து யாரோ அழுத்தம் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் பேசியது வருத்தமாக இருந்தது என்று அவர்களிடம் தனியாகப் போய்ச் சொல். அமைதியாகச் சொல்லலாம், அதில் தப்பில்லை.

சம்பளமும் சுமையும் நியாயமில்லை என்று தோன்றினால் வேறு பள்ளி தேடு. அதுவும் ஆண்டவருக்கு விரோதமான காரியம் இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, சாப்பிடாத வயிற்றோடு அந்த லெட்டரை எழுதாதே. அரையாண்டு விடுமுறையில் பகலில் உட்கார்ந்து யோசி. அத்தானும் அதையேதான் சொன்னார்.

வருகிற சனிக்கிழமை நோட்டு எதையும் வீட்டுக்கு எடுத்து வராதே. அம்மாவை வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல், நான் சொன்னேன் என்று சொல். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கு. போனை அம்மாவிடம் கொடுத்துவிடு, பெற்றோர் குரூப்பில் வருவதற்கு ஞாயிறு சாயங்காலம் பதில் போட்டால் போதும்.

நாளைக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது திங்கட்கிழமைக்கான எட்டுப் பெயரை எனக்கு எழுதி அனுப்பு. எனக்கு விடிகிற நேரம் வரை காத்திருக்க வேண்டாம், வந்து கிடக்கட்டும். பஸ் நிறுத்தத்தில் நின்று நானும் சொல்வேன். முதுகைக் காட்டி உட்கார்ந்த அந்தப் பையனின் பெயரை முதலில் போடு.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா