‘மகிழ்ச்சியாக இருங்கள்’ என்றால் போதாது. எத்தனை நிமிடம், எந்த நேரம் என்றும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று நாளிதழ்களின் இணைப்புகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. நன்றியோடு இருங்கள், மனம் விட்டுப் பேசுங்கள், நன்றாகத் தூங்குங்கள், நல்லதையே நினையுங்கள் என்கிறார்கள். எதுவும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் எத்தனை நிமிடம், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் செய்வது என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. மருந்தின் பெயரை எழுதிவிட்டு வேளையும் அளவும் எழுதாத சீட்டு மாதிரிதான் இது. ஆசையோடு தொடங்கி நாலே நாளில் விட்டுவிட்டு, ‘எனக்கு மன உறுதி போதாது’ என்று நொந்துகொள்கிறவர்கள் ஏராளம். குடும்ப நல ஆலோசனைப் பணியில் இருக்கும் நாங்கள், அந்த விடுபட்ட அளவுகளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். மகிழ்ச்சியோடு இதைச் சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களோடு, வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை மூளையின் கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் தனி வகைச் செல்களும் உண்டு என்பது 2002-இல் உறுதியானது. காலையில் அந்தச் செல்களுக்குப் போதிய வெளிச்சம் கிடைத்தால் இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். பகலில் மந்தமும் எரிச்சலும் குறையும். வீட்டு விளக்கு இதற்குப் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கு எரியும் அறையில் வழக்கமாக 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அறை பளிச்சென்று தெரிவதால் கண் ஏமாந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், பொழுது விடிந்த பிறகு, 20 முதல் 30 நிமிடம் வெளியே இருங்கள். நடக்கலாம், வாசலிலோ மொட்டை மாடியிலோ உட்காரலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். திறந்த வானம் கண்ணில் பட்டால் போதும். வெளியே போக முடியாதவர்கள் நாற்காலியை ஜன்னலுக்கு அருகில், கையை நீட்டினால் கம்பியைத் தொடும் தூரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால் வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும். இருட்டு பிரியும் முன்பே நடந்து முடித்துவிட்டு, அதன்பின் நாள் முழுக்க உள்ளேயே இருப்பவர்களுக்கு நடந்த பலன் கிடைக்கும், வெளிச்சத்தின் பலன் கிடைக்காது. விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் தாமதமாக எழுகிறவர்கள் தங்கள் கடிகாரத்தைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள். எழும் நேரம் எந்த நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இதற்கென்றே விற்கும் 10,000 லக்ஸ் விளக்குகளைக் கண் நோய் உள்ளவர்களும், இருதுருவ மனநோய்க்கு (மிகையான உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) சிகிச்சை பெறுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. இரண்டாவது வகையினருக்கு அது மனக்கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும்.

மாலையில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கூடத்தின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கை எரியவிடுங்கள். பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருந்தால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் வெள்ளை. வெள்ளையைச் சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் இரண்டே விஷயம் சொல்கிறோம். காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே பெரும்பாலானோருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும்; ஆகவே கடைசிக் கோப்பை மதியத்தோடு முடிய வேண்டும். படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, கண் சொருகும்போது திரும்ப வேண்டும். புரண்டு புரண்டு படுத்திருந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காதீர்கள். உத்தேசமாக இருந்தால் போதும்.

இனி மனிதர்கள். ஒரு வீட்டின் மகிழ்ச்சி பெரிய பேச்சுகளில் தீர்மானமாவதைவிட, ‘இங்க வந்து இதைப் பாரேன்’ என்று ஒருவர் கூப்பிடும்போது இன்னொருவர் தலையைத் தூக்குகிறாரா என்பதில்தான் அதிகம் தீர்மானமாகிறது. தம்பதியர் உறவைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், புதுமணத் தம்பதியரைக் கவனித்துவிட்டு ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தார். சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான் முகம் கொடுத்திருந்தார்கள். எல்லா நேரமும் முகம் கொடுக்க யாராலும் முடியாது என்பதையும் அந்த 86 சொல்கிறது. முடியாத நேரத்தில் ‘இதை முடிச்சுட்டு பத்து நிமிஷத்துல வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போவதும் முகம் கொடுப்பதுதான். சொல்லிவிட்டு மறப்பதுதான் கெடுதல்.

துக்கத்தில் துணை நிற்கத் தெரிந்த பலருக்கு, நல்ல செய்தியைக் கேட்டுக்கொள்ளத் தெரிவதில்லை. மனைவி வேலையிலிருந்து வந்து, ‘இன்னைக்கு மீட்டிங்ல என் ரிப்போர்ட்டைத்தாங்க எல்லார் முன்னாடியும் காட்டினாங்க’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணவர் ‘ம், நல்லது’ என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார். இன்னொருவர் ‘இனிமே எல்லா வேலையையும் உன் தலையிலதான் கட்டுவாங்க பாரு’ என்பார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் மகிழ்ச்சி அங்கேயே வடிந்துவிடும். மூன்றாமவர் ‘சரி, கரண்ட் பில் கட்டியாச்சா?’ என்பார். நான்காமவர், ‘அப்படியா! போன வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செஞ்சியே, அதுவா? என்ன சொன்னாங்க?’ என்று கேட்பார். ஷெல்லி கேபிளும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நான்காவது வகைப் பதில்தான் உறவின் திருப்தியோடு சேர்ந்து வந்தது. முதல் பதில்கூட நட்டக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நல்ல செய்தி வந்தால், வேறு எதையும் சொல்வதற்கு முன் அதைப் பற்றியே இரண்டு கேள்வி கேளுங்கள். குழந்தை பள்ளியிலிருந்து கொண்டுவரும் படத்துக்கும் இதே விதிதான். ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லைவிட, ‘இந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்க?’ என்ற கேள்வி அதனிடம் அதிக நேரம் தங்கும்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் பத்து நிமிடத்தைப் பாதுகாக்க வேண்டும். வந்தவரிடம் உடனே கணக்கு, புகார், பிள்ளையின் மதிப்பெண் என எதையும் எடுக்க வேண்டாம். வந்தவரும் செருப்பைக் கழற்றும் முன்பே குறை கண்டுபிடிக்க வேண்டாம். கைபேசியை வாசலருகே ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வரட்டும். கையில் இருந்தால் எடுக்கத்தான் தோன்றும். வேறு அறையில் இருந்தால் எழுந்து போக வேண்டும், அந்தச் சோம்பலே நமக்கு உதவும். சார்ஜர் படுக்கையறையில் இருக்கும் வரை இது நிலைக்காது. ‘அலாரத்துக்கு வேணுமே’ என்பார்கள். தனி அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். பெரியவர்கள் கடைப்பிடிக்காத விதியைப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் வீட்டில் ஒரு புதுச் சண்டை கூடும். வேறு பலன் இல்லை.

அடுத்து வேலைப் பங்கீடு. எங்களைக் கேட்டால், வீட்டுச் சந்தோஷத்தை அதிகம் தின்பது இதுதான். ‘நீ சொன்னா செய்ய மாட்டேனா?’ என்று ஒருவர் மனப்பூர்வமாகவே கேட்கிறார். சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வேலை என்பது அவருக்குத் தெரிவதில்லை. வயதான அம்மாவின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஐந்து நாளுக்குத்தான் இருக்கிறது என்று கவனிப்பது, சீட்டைத் தேடி எடுப்பது, கடையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது, வாங்குவது, டப்பாவில் காலை, மாலை என்று பிரித்துப் போடுவது, அம்மா சாப்பிட்டாரா என்று பார்ப்பது ஆகிய ஆறும் ஒரே வேலையின் பகுதிகள். இதில் ‘வாங்குவது’ என்ற ஒன்றை மட்டும் செய்துவிட்டு, பாதி வேலையைப் பகிர்ந்துகொண்டதாக நினைப்பதில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது. ஆகவே வேலையைத் துண்டு போடாமல், கவனிப்பதிலிருந்து முடிப்பது வரை முழுதாக ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு வேலையை மட்டும் கைமாற்றினாலே போதும்.

இது எங்கே கெடுகிறது? கொடுத்தவர் பின்னாலேயே நின்று திருத்துவதில். துணியை மடித்த விதம் பிடிக்கவில்லை என்று மறுபடி மடித்தால், மடித்தவர் அடுத்த வாரம் மடிக்க மாட்டார். உடல்நலத்துக்கோ பணத்துக்கோ ஆபத்து இல்லாத இடத்தில், செய்கிறவர் போக்கிலேயே விட்டுவிட வேண்டும். எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பதை ஒப்படைக்கும்போதே பேசிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.

இதற்காக வாரம் ஒரு முறை 20 நிமிடம் உட்காருங்கள். பசி நேரத்திலும் படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். அந்த வாரம் வீட்டில் யார் செய்த எது உதவியாக இருந்தது என்று ஆளுக்கொன்று சொல்லித் தொடங்கி, மூன்று விஷயத்துக்கு மேல் எடுக்காமல், யார், எதை, எப்போது என்று தாளில் எழுதி முடியுங்கள். குரல் உயர்ந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் மறுபடி எப்போது உட்காருவது என்று சொல்லிவிட்டு எழ வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால் அது ஒதுக்குவதாகவே படும்.

நன்றி எழுதும் பழக்கத்தைப் பற்றி ஒரு திருத்தம். நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயத்தைத் தினமும் எழுதுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சில வாரங்களில் அது ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று மந்திரம்போல் ஆகி, மனத்தில் எதுவும் அசையாமல் போய்விடும். உளவியல் ஆய்வாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எனவே வாரம் ஒரு நாள், ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து, யாரால் அது நடந்தது, அவர் அதற்கு என்ன சிரமப்பட்டார் என்று நாலு வரி எழுதுங்கள். முடிந்தால் அவரிடமே காட்டிவிடுங்கள்.

வீட்டை ஒழுங்காக வைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீடு முழுவதையும் ஒதுக்கக் கிளம்பாதீர்கள். எல்லாப் பொருளையும் வெளியே இழுத்துப் போட்ட பிறகு களைத்துப் போய், முன்னைவிட மோசமான நிலையில் நிறுத்துவதுதான் நடக்கும். தினமும் கண்ணில் படும் ஒரு மேசையை மட்டும் தேர்ந்தெடுத்து, இரவு பத்து நிமிடம் அலாரம் வைத்து, வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து காலி செய்யுங்கள். இடம் தெரியாத பொருள்களை ஒரு கூடையில் போட்டுவைத்து வாரம் ஒரு முறை பிரிக்கலாம்.

தனியாக வாழ்பவர்களை இந்தக் குறிப்புகள் எப்போதும் மறந்துவிடுகின்றன. அவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, வாரத்தில் இரண்டு அழைப்புகளுக்கு நாளும் நேரமும் குறித்துவைப்பதைத்தான். ‘தோணும்போது பேசிக்கலாம்’ என்று விட்டால், மனம் சோர்ந்திருக்கும் நாளில், அதாவது மிகவும் தேவைப்படும் நாளில், தோன்றவே தோன்றாது.

ஒரு பழக்கம் நிலைக்க 21 நாள் என்பது 1960 வாக்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு. பிலிப்பா லாலியின் லண்டன் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை போனது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் இதில் சொன்ன எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டாம். ஒன்றை எடுத்து, ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையின் பின்னால் கட்டுங்கள்: ‘பல் துலக்கியதும் மாடிக்குப் போவேன்’, ‘கதவைத் திறந்ததும் போனைக் கூடையில் போடுவேன்’. இரண்டு மாதம் அது ஒன்றே போதும்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே அச்சிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கமும் பசியும் மாறியிருந்தாலோ, இந்தப் பழக்கங்களை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். இரண்டாவது, அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டில் அடி வாங்குகிறவரிடம் போய் இன்னும் இதமாகப் பேசச் சொல்லக் கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பான இடமும் உதவிக்கு நம்பகமான ஆளும்தான். இந்த இரண்டு வரியையும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடாமல், குறிப்புகளுக்கு மேலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப நல ஆலோசகர்கள் சிலர்