மலைக்குச் சரணாலயம், மேய்ச்சல் வெளிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, களக்காடு–முண்டந்துறை எனத் தமிழகத்தின் ஐந்து புலிகள் காப்பகங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே உள்ளன. ஆறுகள் பிறக்கும் அந்தக் காடுகளைக் காப்பது மிகச் சரி. ஆனால் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழ் காப்புக்காடுகள் ஆனவை பெரும்பாலும் மரம் தரும் காடுகள்தான். பிற்காலச் சரணாலயங்களும் அநேகமாக அவற்றின்மேலேயே வந்தன. மரம் குறைந்த புல்வெளி, வருவாய்த்துறைக் கணக்கில் வெறும் தரிசாகவே நின்றுவிட்டது. தரையில் முட்டையிடும் கல்குருவி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. மலைக்காட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது நல்ல திருப்பம். வறண்ட முள்காட்டுக்கும் மதிப்புண்டு என்று ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. ஆனால் தேவாங்கு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை; பக்கத்துத் தோட்டங்களிலும் இரை தேடும். அது தாவாது, கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். செடிகளால் ஆன உயிர்வேலியை எடுத்துக் கம்பிவேலி போட்டால் தரையில் இறங்க வேண்டியதுதான்; இறங்கினால் நாயிடமோ வண்டியிலோ சிக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். முழுக்கத் தனியார் பட்டா நிலம். இங்கே மேய்ச்சலைத் தடுக்கும் சரணாலயம் பலன் தராது. மேய்ச்சல் நின்று நிலம் கவனிப்பாரற்றுப் போனால் சீமைக்கருவேல் ஏறிவிடலாம். பசுமையாக்கம் என்று நெருக்கமாக மரம் நடுவதும் அதே அளவு கேடுதான். நிழல் விழுந்தால் புல் போகும், புல் போனால் அதை நம்பிய பறவையும் போகும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. உரிமையாளரே முன்வந்தால் பட்டா நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் பயன்பாட்டை மாற்ற முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை ஒருவர் சும்மா ஏற்கமாட்டார். சூரியமின் நிறுவனத்துக்கு விற்றாலே நல்ல பணம் வருகிறதே! எனவே ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் உதவித்தொகையும், கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நட்டு வேலியை அடைக்கக் கூலியும் அறிவிப்போடு சேர்ந்தே வரவேண்டும். அடுத்தடுத்துள்ள நான்கைந்து ஊர்களில் முதலில் தொடங்கலாம்; தனித்தனித் துண்டாக எடுத்தால் இடையிலுள்ள நிலம் கைமாறி, வேலித் தொடர் அறுந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராபுரம்