மில்லின் முன்பக்கம் ஏன் இடிபடுகிறது?

மா அரைக்கவும் தூள் இடிக்கவும் எங்களிடம் வருகிற அம்மாமார், அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம்.

முன்சுவரில் சிவப்புக் கோடு விழுந்த நாளில் இருந்து ஒரே கேள்விதான். மில்லை மூடுகிறீர்களா, காணி கைமாறிவிட்டதா, ஆர் பெட்டிசம் போட்டது? ஒட்டுசுட்டான் சந்தியில் இதைவிடப் பெரிய கதையும் உலாவுதாம். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக் களைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

மில் மூடவில்லை. முன்விறாந்தைச் சுவரும் அதன் மேல் போட்ட கொங்கிறீற்றும் மட்டும்தான் போகின்றன. பிழை எங்களுடையது.

எங்கள் வாசலால் போகிற மாங்குளம் – முல்லைத்தீவு வீதி ஏ 34, பெருந்தெரு. பிரதேச சபை பிளானைப் பாஸ் பண்ணினாலும், இப்படிப்பட்ட வீதியோரத்தில் கட்டுவதற்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் வேண்டும். வீதியின் நடுக்கோட்டில் இருந்து 50 அடி தள்ளித்தான் சுவர் என்று எங்கள் பிளானில் தெளிவாகவே கீறியிருந்தது. அத்திவாரம் வெட்டிய அன்று மேசன் நடுறோட்டுக்குப் போகவில்லை. வாகனம் ஓடுகிற நேரம், போகவும் ஏலாது. தாரும் மண் ஓரமும் சேர்த்துப் பாதி றோட்டு 16 அடி என்று மனக்கணக்குப் போட்டார். மிச்சம் 34 அடியை மண் ஓரம் முடிகிற இடத்தில் இருந்து அளந்திருந்தால் சரி. அவர் நாடாவை வைத்தது தார் விளிம்பில். எங்கள் வாசலில் தார் 24 அடி, பாதி 12. ஆக, சுவர் 46 அடியில் எழும்பிவிட்டது. நாங்களும் பக்கத்தில்தான் நின்றோம். தேத்தண்ணி கொடுத்தோம், நாடாவைப் பார்க்கவில்லை.

வங்கிக் கடனுக்காக, கட்டடம் பிளான்படிதான் நிற்கிறது என்று தருகிற இணக்கச் சான்றிதழைக் கேட்டபோதுதான் இது வெளியில் வந்தது. அளக்க வந்த தொழில்நுட்ப அலுவலர் இரண்டு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "4 அடி உள்ளுக்கை நிக்குது" என்றார். பெட்டிசம் போட்டதாக நீங்கள் நினைக்கிற பக்கத்துக் கடை அண்ணைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து அவரோடு முகம் முறிக்காதீர்கள். அவர் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினீர்களாம் என்று கேள்விப்பட்டு வெட்கமாய்ப் போனது.

அந்த 50 அடியில் தளர்வு கேட்டு எழுதினோம். எதிர்ப்பக்கத்துப் பழைய கடைகள் இதைவிட முன்னுக்கு நிற்கின்றனவே என்றும், 2010இல் மீளக்குடியமர்ந்து தறப்பாளுக்குள் ஒரு மெசினோடு தொடங்கினவர்கள் நாங்கள் என்றும் எழுதினோம். பழைய கட்டடத்தைக் காட்டிப் புதுக் கட்டடத்துக்குச் சலுகை கேட்க முடியாது என்று பதில் வந்தது. அப்போது சரியான கோபம். பிறகு ஒருநாள், நெல் மூட்டை ஏற்றின உழவு மெசின் ஒன்று எங்கள் ஒழுங்கையால் றோட்டில் ஏற வந்து, எங்கள் தூணுக்கு அப்பால் பஸ் வருவது தெரியாமல் சடாரென்று பிறேக் அடித்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் வாதாடவில்லை.

முடிவு பாதிக்குப் பாதி. கல்சுவரும் கொங்கிறீற்றும் போகவேண்டும். இரும்புத் தூணில் தகரக் கூரை நிற்கலாம். ஆனால் நாளைக்கு வீதி அகலித்தால் எங்கள் செலவிலேயே கழற்றுவோம், அந்தப் பகுதிக்கு நட்டஈடு கேட்கமாட்டோம் என்று உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறோம். வெயிலுக்கும் மழைக்கும் நீங்கள் ஒதுங்கி நிற்க இடம் இருக்கும். குந்தியிருந்து கதைக்கிற அந்தக் கட்டுத்தான் இனி இல்லை.

மிளகாய் மெசினின் அடித்தளம் முன்சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதைக் கிளப்பிப் பின்னறையில் பூட்டி, திறீ பேஸ் வயரையும் மாற்ற வேண்டும். இரண்டு கிழமைக்குத் தூள் இடிக்க முடியாது. அரிசிமா, குரக்கன்மா, உழுத்தம்மா வழமைபோல அரைப்போம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள் மாவுக்கு யோசிக்க வேண்டாம். மிளகாயை மட்டும் வறுக்காமல் வீட்டிலேயே வைத்திருங்கள். வறுத்துக் கொண்டுவந்து திரும்பிப் போனால் வறுத்தது வீணாகிவிடும், பிறகு எங்களைத்தான் பேசுவீர்கள்.

வாசல் இப்போது கிணற்றடிப் பக்கம். தராசும் அங்கேதான். கூலி ஒரு ரூபாயும் ஏறாது. பெயர் எழுதாத வாளிகள் ஏழெட்டு முன்னறையில் கிடக்கின்றன. உடைக்கத் தொடங்க முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மில்காரர்