நெஞ்சு வெறுமையா இருக்குன்னா நெஞ்சுவலி இல்லீங்க

எல்லையோரத் தாலுகாக்களில் மனநலச் சேவைக்குப் பொறுப்பான அரசு அலுவலர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் மலையாளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் போன மாதம் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தங்கைக்கு 23 வயது. பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. இன்றைக்கு ஒருத்தியை உயிர் என்பாள், நாளைக்கு அவள் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்பாள். யாராவது ஃபோனை எடுக்கவில்லை என்றால் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று துடித்துப்போவாள். கையைக் கீறிக்கொண்ட நாட்களும் உண்டு. ஊரில் திமிர் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடைசியில் நான்தான் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார், மலையாளத்தில். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "நெஞ்சுக்குள்ள எப்பவுமே வெறுமையா இருக்குங்க" என்றாள். பக்கத்தில் நின்ற உதவியாளர் அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னார். சொன்னது நெஞ்சுவலி என்று ஆகிவிட்டது. ஈசிஜி எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்தோம். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை.

இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. தீராத வெறுமை என்பது அவளுக்கு இருக்கும் ஆளுமைக் கோளாறை அடையாளம் காண டாக்டர்கள் கேட்டுப் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது கிடைத்தும் கைநழுவிப் போனது. நான் குறுக்கே புகுந்து திருத்துவதற்குள் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அக்கா முன்னால் சொல்லக் கூசுகிற விஷயங்களும் அவளுக்கு இருக்கும் அல்லவா?

இரண்டாம் தடவை போனபோது ஓபி சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் தந்தார்கள்: 'எமோஷனலி அன்ஸ்டேபிள் பெர்சனாலிட்டி டிஸார்டர்'. அது என்ன என்று யாரும் விளக்கவில்லை. ராத்திரி அவளே ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "பெர்சனாலிட்டியே கோளாறுன்னா, நான் கெட்டவளா அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பெர்சனாலிட்டி டிஸார்டர் என்கிற ஆளுமைக் கோளாறுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பேச்சுதான் பரிசோதனை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு இதைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. எல்லோரையும் சந்தேகிப்பதும் ஒரு வகை, ஒட்டாமல் ஒதுங்குவதும் ஒரு வகை, என் தங்கையைப் போலக் கொந்தளிப்பதும் ஒரு வகை. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ, வகையைவிடத் தீவிரம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. எதைப் பார்ப்பதானாலும், ஒருவர் பல வருஷமாகத் தன்னையும் பிறரையும் எப்படி நினைத்து வாழ்கிறார் என்று கேட்டுத் தெரிந்தாக வேண்டும். சந்தையில் பேரம் பேசும் மலையாளம் எங்களுக்கும் வரும். உள்ளே இருப்பதைச் சொல்லும் மலையாளம் வராது.

சிகிச்சையும் பேச்சுதான். இந்த நோயைத் தீர்க்கவென்று தனி மாத்திரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும்தான் மருந்து உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறை ஒன்று உண்டு, அதன் முதல் ஆய்வு 1991-இல் வந்தது. வாராவாரம், ஏறக்குறைய ஒரு வருஷம் உட்கார்ந்து பேச வேண்டும். இளவயதில் தானும் இதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் இருந்ததை அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். இதைத் தங்கையிடம் சொன்னேன். "அவங்களுக்குச் சரியாச்சா?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் ஆசையோடு கேட்ட கேள்வி.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: வாரத்தில் ஒரு நாள், தமிழ் பேசும் சைக்காலஜிஸ்ட் ஒருவர் எங்கள் தாலுகாவில் உட்கார வேண்டும். சலுகையாகக் கேட்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துத் தமிழில் பேசலாம் என்பீர்கள். உண்மைதான், அவசரத்துக்கு அது பெரிய துணை. ஒரு வருஷம் ஒரே முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய சிகிச்சைக்கு அது எப்படி ஈடாகும்?

தேர்தல் வந்தால் எங்கள் திண்ணைக்கு வரும் நோட்டீஸ் தமிழில்தான் இருக்கிறது. ஓட்டுக் கேட்கத் தெரிந்த மொழியில் உடம்புக்கு என்ன என்று கேட்க ஏன் முடியவில்லை? ரேஷன் கடையில், வில்லேஜ் ஆபீசில், எங்கே போனாலும் இன்னொருத்தர் வாயை நம்பித்தான் நிற்கிறோம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இதைப் பொறுக்க முடியவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து வாரத்தில் ஒரு நாள், தமிழ் பேசும் ஒருவர். அது ஏற்பாடாகும் வரை, இந்த நோய் என்ன, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிச் சரியாகும் என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளாவது ஓபி சீட்டோடு கொடுங்கள். அவளை அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா